என்ஜினைத் தட்டியது யார்?

குழந்தைகளே, கடலூரில் கேப்பர் மலைக்கு ஏறும் சாலையைப் பார்த்திருக்கிறீர்களா? மலை என்று பெயர்தான். உண்மையில் அது ஒரு செம்மண் மேடு. ஆனால் மற்ற இடமெல்லாம் தட்டையாக இருக்கும் நம் பக்கத்தில், பாரம் ஏற்றிய வண்டிகளுக்கு மூச்சு வாங்கும் இடம் அது. துறைமுகத்திலிருந்து மீன் கூடைகளையும் ஐஸ் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் வேன் அந்த மேட்டில் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை அழுத்துகிறார். உடனே தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியதுபோல என்ஜினிலிருந்து ஒரு சத்தம்! மேடு முடிந்ததும் சத்தமும் நின்றுவிடுகிறது. அதே வண்டி சிதம்பரம் சாலையில் பாரமில்லாமல் நாள் முழுக்க ஓடினாலும் அந்தச் சத்தம் வருவதில்லை.

மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். தட்டுவது என்று பொருள். என்ஜினுக்குள் உட்கார்ந்துகொண்டு தட்டுவது யார்? நூறு ஆண்டுகளுக்கு முன்பு பெரிய பெரிய பொறியாளர்களுக்கே இது புரியவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர். அவருடைய கதை கொஞ்சம் வினோதமானது. உலகமே அவரைப் பாராட்டியது. பிறகு அவர் செய்ததை உலகம் முழுவதும் சேர்ந்து நிறுத்த வேண்டியதாயிற்று.

மிட்ஜ்லி 1889-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி பென்சில்வேனியா மாநிலத்தில் பீவர் ஃபால்ஸ் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில். அப்பாவும் ஒரு கண்டுபிடிப்பாளர். பள்ளியில் படிக்கும்போதே பையனுக்குக் குறும்பு கலந்த ஆராய்ச்சி மூளை. பேஸ்பால் பந்து காற்றில் வளைந்து போக எதைத் தடவினால் நல்லது என்று தேடி, ஒரு மரப்பட்டையின் வழுவழுப்பான சாற்றைக் கண்டுபிடித்தாராம்! கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்து, 1911-இல் பட்டம் பெற்றார். கவனியுங்கள்; அவர் படித்தது வேதியியல் அல்ல. பிற்காலத்தில் வேதியியலில் அவர் பெற்ற பெயரெல்லாம் தானாகப் படித்து வந்தது. தனிம வரிசை அட்டவணையை எப்போதும் கையோடு வைத்திருப்பார்.

1916-இல் அவர் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கெட்டரிங் யார் தெரியுமா? கையால் சுழற்றாமல் காரைக் கிளப்பும் மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தவர். பேட்டரியிலிருந்து தீப்பொறி கொடுக்கும் முறையும் அவருடையதுதான். அங்கேதான் வந்தது வம்பு. புதிய கார்களில் தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியதும், எல்லாம் கெட்டரிங்கின் பேட்டரியால் வந்த வினை என்று போட்டியாளர்கள் சொல்லத் தொடங்கினார்கள். கிராமத்து வீடுகளுக்கு மின்சாரம் கொடுக்க அவர் விற்ற மண்ணெண்ணெய் என்ஜின்களும் 'டக டக' என்று தட்டின. பழியைத் துடைக்க வேண்டும். அதற்கு உண்மைக் காரணம் தெரிய வேண்டும். அந்த வேலையை இளைஞர் மிட்ஜ்லியிடம் கொடுத்தார்.

இனி நடந்தது புரிய, என்ஜினுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவோம்.

பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் வருகின்றன. பிஸ்டன் மேலே வந்து அந்தக் கலவையை நெருக்குகிறது. அந்த நேரத்தில் ஸ்பார்க் பிளக் ஒரு பொறியைத் தட்டுகிறது. தீ பரவுகிறது, வாயு விரிகிறது, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. வண்டி நகர்வது இதனால்தான். தீ பரவுகிறது என்று சொன்னேனே, அது முக்கியம். கரும்பு வெட்டிய கொல்லையில் சோகைக்கு ஒரு மூலையில் தீ வைத்தால், அது வரிசையாக எரிந்துகொண்டே மறு மூலைக்குப் போகும். சிலிண்டரிலும் அப்படித்தான் போக வேண்டும்.

ஆனால் காற்றை நெருக்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். சிலிண்டரின் மறு மூலையில் இருக்கும் கலவையைப் பிஸ்டனும் நெருக்குகிறது, எரிந்து விரியும் வாயுவும் நெருக்குகிறது. சூடு எல்லை மீறினால், தீ தன்னிடம் வந்து சேரும்வரை அது காத்திருக்காது. மிச்சக் கலவை முழுவதும் ஒரே கணத்தில் குப்பென்று வெடித்துவிடும். அந்த அதிர்ச்சி சிலிண்டர் சுவரில் மோதுவதுதான் நமக்குக் கேட்கும் சத்தம். விடாமல் தட்டினால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும்.

இன்று இதை நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அன்று பலர் நினைத்தது வேறு: பொறி விழுவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்கிறது, அதனால்தான் சத்தம் என்றார்கள். மிட்ஜ்லி வாதாடவில்லை. என்ஜினின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு கருவியை எடுத்துத் தன் தேவைக்கு ஏற்ப மாற்றினார். அழுத்தம் ஏறி இறங்கும்போது ஒரு சின்னக் கண்ணாடி அசையும். அதில் பட்ட ஒளி ஒரு கோடு வரையும். கோட்டைப் பார்த்தார். பொறி விழுகிறது, அழுத்தம் ஒழுங்காக ஏறுகிறது, பிறகுதான், ஏறக்குறைய உச்சியில், ஊசிபோல ஒரு பாய்ச்சல்! ஆக, குற்றவாளி பொறிக்கு முன்னால் வரவில்லை, பின்னால் வந்திருக்கிறான். கெட்டரிங்கின் பேட்டரி தப்பித்தது. குற்றம் எரிபொருளின் பக்கம் திரும்பியது.

(சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கும் அண்ணனோ அக்காவோ உங்கள் தெருவில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். என்ஜினின் அழுத்தக் கோட்டை இப்போது கணினித் திரையில் பார்க்கலாம்.)

எரிபொருளில் எதைக் கலந்தால் சத்தம் நிற்கும்? இங்கேதான் வேடிக்கை. அமெரிக்காவில் ஒரு காட்டுப் பூச்செடி உண்டு. பனி முழுதாகக் கரைவதற்குள்ளேயே பூத்துவிடும். அதன் இலையின் அடிப்பக்கம் சிவப்பு. சிவப்பு நிறம் வெயிலின் வெப்பத்தை நன்றாக உறிஞ்சுவதால்தான் அது சீக்கிரம் பூக்கிறதோ? அப்படியானால் மண்ணெண்ணெயைச் சிவப்பாக்கினால், அதுவும் வெப்பத்தை உறிஞ்சி முன்கூட்டியே ஆவியாகி ஒழுங்காக எரியுமோ? கெட்டரிங்கும் மிட்ஜ்லியும் இப்படி ஓர் ஊகம் செய்தார்கள். மிட்ஜ்லி சிவப்புச் சாயம் கேட்டுப் பண்டகசாலைக்குப் போனார். எண்ணெயில் கரையும் சாயம் எதுவும் இல்லை. அயோடின் இருந்தது, அது எண்ணெயில் நிறத்தோடு கரையும். அதைக் கலந்தார். என்ஜின் தட்டுவதை நிறுத்திவிட்டது!

வேறு யாராவது இருந்தால் சிவப்பு நிறம்தான் மருந்து என்று எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். மிட்ஜ்லி போகவில்லை. உண்மையான சிவப்புச் சாயங்களை வரவழைத்து ஒவ்வொன்றாகக் கலந்தார். எதுவும் வேலை செய்யவில்லை. நிறமே இல்லாத ஓர் அயோடின் பொருளைக் கலந்தார். சத்தம் நின்றது. ஆக, நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வேலை செய்தது அயோடின்தான். தவறான ஊகம் சரியான கதவைத் தட்டியிருந்தது. அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒன்பதாம் வகுப்பில் சோதனை என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைத்ததில்லை.

அயோடின் விலை அதிகம், உலோகத்தையும் அரிக்கும். ஆகவே தேடல் தொடர்ந்தது. தாமஸ் பாய்ட் என்ற உதவியாளரோடு சேர்ந்து, காதால் கேட்பதை எண்ணால் அளக்கவும் ஒரு வழி செய்தார். சிலிண்டரின் தலையில் ஒரு மெல்லிய தகடு, அதன்மேல் நிற்கும் ஒரு குச்சி. என்ஜின் தட்டும்போது குச்சி துள்ளும். துள்ளும்போது மின்சுற்று மூடும். அந்த மின்சாரம் அமிலம் கலந்த நீரைப் பிரித்து வாயுவாக்கும். எவ்வளவு வாயு சேர்ந்ததோ அவ்வளவு நாக்கிங்! எவ்வளவு அழகான யோசனை பாருங்கள்.

இன்றைய வண்டிகளில் இந்த வேலையை என்ஜினில் முடுக்கியிருக்கும் ஒரு சிறு சென்சார் செய்கிறது. அது தட்டலை உணர்ந்ததும் கணினி பொறியைச் சற்றுத் தாமதமாக விழவைக்கும். நம் மீன் வண்டி பழையது, அதில் சென்சார் கிடையாது. நல்ல மெக்கானிக் என்ன செய்வார்? முதலில் சத்தம் எப்போது வருகிறது என்று கேட்பார். பாரத்தோடு மேடு ஏறும்போது மட்டும் என்றால் நாக்கிங் என்று சந்தேகிப்பார்; சும்மா நிற்கும்போதும் கேட்டால் பேரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கலாம். பிறகு ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா, என்ஜின் அதிகம் சூடாகிறதா என்று பார்ப்பார். பொறி விழும் நேரம், அதாவது டைமிங், முன்னால் போயிருக்கிறதா என்று சோதிப்பார். சிலிண்டருக்குள் கரி படிந்திருந்தால் இடம் சுருங்கி நெருக்கம் கூடும். கரித்துண்டு கனன்றுகொண்டும் இருக்கும். பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போனாலும் இதே தொல்லைதான். கடைசியில், எந்தப் பெட்ரோல் போட்டீர்கள் என்பது. பங்கில் 95, 100 என்று எழுதியிருக்கும் ஆக்டேன் எண், ஒரு பெட்ரோல் எவ்வளவு நெருக்கத்தைத் தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. (டீசல் வண்டியின் கடகடப்பு வேறு சங்கதி. அங்கே ஸ்பார்க் பிளக்கே கிடையாது.)

மிட்ஜ்லியிடம் திரும்புவோம். அனிலின் என்ற திரவம் வேலை செய்தது, ஆனால் நாற்றம். டெல்லூரியம் இன்னும் நன்றாக வேலை செய்தது. அதன் பூண்டு வாடை உடம்பையும் உடையையும் விட்டு மாதக்கணக்கில் போகவில்லையாம்! பிறகு அவர் தனிம வரிசை அட்டவணையையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டார். ஒரே தொகுதியில் கீழே போகப் போக மருந்தின் வலிமை கூடுவதைக் கவனித்தார். கார்பன் தொகுதியில் வெள்ளீயம் ஓரளவு வேலை செய்தது. அதற்கு நேர் கீழே இருப்பது காரீயம்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். பாட்டி ஈயச்சொம்பில் ரசம் வைப்பாரே, அது என்ன? அது வெள்ளீயம். காரீயம் வேறு, அது நஞ்சு. இரண்டையும் நாம் ஈயம் என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது.

1921-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி, டெட்ராஎத்தில் லெட் என்ற காரீயத் திரவத்தை என்ஜினில் போட்டார்கள். ஆயிரம் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்குகூடத் தேவைப்படவில்லை. சத்தம் அடியோடு நின்றது. 1923 பிப்ரவரி 2-ஆம் தேதி டேட்டன் நகரில் அது கலந்த பெட்ரோல் முதன்முதலாக விற்கப்பட்டது. அந்த ஆண்டு இண்டியானாபோலிஸ் கார்ப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த கார்களும் அதைத்தான் ஊற்றியிருந்தன. விற்பனைப் பெயர் 'எத்தில்'. அந்தப் பெயரில் காரீயம் என்ற சொல் எங்குமே இல்லை.

காரீயம் நஞ்சு என்பது அன்று யாருக்கும் தெரியாததல்ல. வண்ணம் பூசுபவர்களும் மண்பாண்டத்துக்கு மெருகு ஏற்றுபவர்களும் அதனால் நோயுற்றது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. மிட்ஜ்லிக்கே 1923 தொடக்கத்தில் உடம்பு கெட்டு, வேலையை விட்டுவிட்டு ஃபுளோரிடாவுக்குப் போய் ஓய்வெடுக்க நேர்ந்தது. 1924 அக்டோபரில் நியூஜெர்சியில் அந்தத் திரவத்தைத் தயாரித்த ஆலையில் 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். 30-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அது தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், மூளையைத் தாக்கும். இறந்தவர்கள் சித்தம் கலங்கித் துடித்தார்கள்.

நாடே பயந்தது. அக்டோபர் 30-ஆம் தேதி மிட்ஜ்லி செய்தியாளர்களை அழைத்தார். அவர்கள் கண்ணெதிரே அந்தத் திரவத்தில் கைகளைக் கழுவினார், ஒரு நிமிடம் அதன் ஆவியை முகர்ந்தார், ஆபத்தில்லை என்றார். முந்தைய ஆண்டுதான் அதே காரீயத்தால் அவர் படுத்திருந்தார்! சிவப்புச் சாயத்தைச் சரிபார்க்காமல் ஒப்புக்கொள்ளாத மனிதர், இதைமட்டும் ஏன் இப்படிச் செய்தார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. ஒரு நிமிடம் முகர்வது சோதனையே அல்ல. தெருவில் ஓடும் ஆயிரம் வண்டிகளின் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் அந்தக் கேள்வியை அப்போதே எழுப்பினார். 1925-இல் விற்பனை நிறுத்தப்பட்டது. ஒரு குழு, 250-க்கும் சற்று அதிகமான ஆட்களைச் சில மாதங்கள் பரிசோதித்து, தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்று 1926-இல் அறிக்கை கொடுத்தது. விற்பனை மறுபடி தொடங்கியது.

இன்னொரு செய்தியும் உண்டு. எரிந்த காரீயம் வால்வுகளில் படிந்து என்ஜினைக் கெடுத்தது. அதனால் புரோமின் கொண்ட ஒரு பொருளைச் சேர்த்தார்கள். படிவு ஆவியாகிப் புகைக்குழாய் வழியே வெளியே போய்விடும். என்ஜின் சுத்தமாயிற்று. காற்று? புரோமினுக்காக 1934-இல் வட கரோலினாவில் கடல்நீரிலிருந்தே அதைப் பிரிக்கும் ஆலையைக் கட்டினார்கள். ஒரு டன் கடல்நீரில் இருப்பது வெறும் 65 கிராம்! நம் சில்வர் பீச்சின் நீரிலும் ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கும்.

மிட்ஜ்லி அடுத்து, குளிர்பதனப் பெட்டிகளுக்கு நஞ்சில்லாத, தீப்பிடிக்காத வாயுவைக் கண்டுபிடித்தார். பெயர் ஃபிரியான். 1930-இல் மேடையில் அதை மூச்சில் இழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். அந்த முறை அவர் சொன்னது உண்மைதான். அது மனிதர்களுக்கு நஞ்சல்ல. ஆனால் அந்த வகை வாயுக்கள் வானத்தில் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-இல்தான் தெரிந்தது. இதை அன்று யாரும் ஊகித்திருக்க முடியாது. காரீயம் அப்படியல்ல.

1940-இல், 51 வயதில், அவரைப் போலியோ தாக்கியது. கால்கள் செயலிழந்தன. படுக்கையிலிருந்து தானே எழுந்திருக்கக் கயிறுகளையும் கப்பிகளையும் வைத்து ஒரு கருவி செய்துகொண்டார். 1944-இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். அந்த ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி, அந்தக் கயிறுகளிலேயே சிக்கி இறந்து கிடந்தார். அவருக்கு வயது 55. அதுவரை விருதுகளும் பாராட்டுகளும்தான் அவர் கண்டது.

கணக்கு பிறகுதான் வந்தது. பாறைகளில் உள்ள காரீயத்தை வைத்துப் பூமியின் வயதை அளந்த கிளேர் பாட்டர்சன் என்ற விஞ்ஞானி, தன் ஆய்வுக்கூடத்தில் எதைத் தொட்டாலும் காரீயம் ஒட்டிக்கொள்வதைக் கண்டு எரிச்சலடைந்தார். எங்கிருந்து வருகிறது என்று தேடினார். காற்று, கடல், துருவப் பனி எல்லாவற்றிலும் மனிதர்கள் சேர்த்த காரீயம் இருந்தது; பெரும்பகுதி பெட்ரோல் புகை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் படிக்கும் திறனையும் அது குறைக்கிறது என்பதும் பல ஆய்வுகளில் தெளிவாயிற்று. ஒவ்வொரு நாடாக நிறுத்தத் தொடங்கின. இந்தியாவில் 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் காரீயம் இல்லாத பெட்ரோல் வந்தது. நாடு முழுவதும் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 1 முதல். டேட்டனில் முதல் விற்பனை நடந்த நாளிலிருந்து 77 ஆண்டுகளுக்கு ஒரே ஒரு நாள் குறைவு! கடைசி நாடு அல்ஜீரியா. அங்கே 2021 ஜூலையில் நின்றது.

அப்படியானால் இப்போது நாக்கிங்கைத் தடுப்பது எது? பெட்ரோலைச் சுத்திகரிக்கும் முறை மேம்பட்டுவிட்டது. எத்தனால் எனப்படும் எரிசாராயமும் கலக்கிறார்கள். 2025-இல் நம் நாட்டில் அதன் அளவு 20 சதவீதத்தை எட்டியது. கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து அது கிடைக்கிறது. எரிசாராயம் கலந்தால் என்ஜின் தட்டாது என்பது மிட்ஜ்லிக்கும் தெரியும். 1920-களின் தொடக்கத்தில் அவரே அதைச் சோதித்துப் பார்த்திருந்தார். ஆனால் அது நிறைய வேண்டும். யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். காப்புரிமை வாங்கி ஒரு நிறுவனம் தனக்கே உரியதாக்கிக்கொள்ள முடியாது. காரீயமோ சில துளிகள் போதும். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் லாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மிட்ஜ்லி பிறப்பதற்கு முன்பே அந்த ஊரில் கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.